அண்ணனுக்குப் படைத்த பரோட்டா

ஐப்பசி மாதம், ஞாயிறு இரவு

அண்ணனுக்கு இன்று திதி. எல்லைச் சண்டையில் அவன் போனதிலிருந்து வருடா வருடம் அம்மா சாமைச் சோறும் அவரைக்கொட்டைக் குழம்பும் படைப்பாள். அவனுக்கு அதுதான் உயிராம். ஆனால் காகம் எட்டிக்கூடப் பார்க்காது. அன்று முழுவதும் அம்மா பட்டினி கிடப்பாள்.

இந்த முறை கண்ணமங்கலத்திலிருந்து சலீம் வந்திருந்தார். அண்ணனோடு பட்டாளத்தில் ஒரே கூடாரத்தில் இருந்தவர். இலையைப் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

"சாமையாம்மா? பட்டாளத்துக்கு வந்ததே இதுக்குப் பயந்துதான்னு சொல்வான்."

அம்மா அழப்போகிறாள் என்று நினைத்தேன்.

"அப்ப இன்னாதான்பா துன்னுவான்?" என்று கேட்டாள் அம்மா.

"பரோட்டா, சால்னா. லீவுல வந்தா அடிவாரத்துல, ஒடுகத்தூர்லயே துன்னுட்டுதான் மலை ஏறுவானாம்."

அம்மா என்னைப் பார்த்தாள். வந்த அன்று ராத்திரி அவன் எப்போதும் பசியில்லை என்பான். மலைப்பாதை வளைவுகளில் வயிறு புரட்டியிருக்கும் என்று அம்மா சுக்குக் கஷாயம் கொடுப்பாள். படுபாவி, அதையும் மடக் மடக்கென்று குடித்திருக்கிறான்! அம்மாதான் முதலில் சிரித்தாள். பிறகு எங்களால் நிறுத்த முடியவில்லை.

சலீம் பைக்கில் போய் வாங்கி வந்தார். அம்மா பரோட்டாவைப் பிய்த்துச் சால்னா ஊற்றிக் கூரையில் வைத்தாள். கையை எடுப்பதற்குள் காகம் வந்துவிட்டது.

"வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னாடா? பெத்தவகிட்ட இன்னா வெக்கம்?" என்று அதைத் திட்டினாள்.

அது அடுத்த துண்டைக் கவ்வியது.

"மெதுவா துன்னுடா" என்றாள்.