அந்த வரி பிழை

இன்று காலை இடுப்பில் உடுத்தப் புதுச் சாரமொன்றின் மடிப்பை உதறியதும் கஞ்சி வாசம் எழுந்தது. கூடவே நீயும் நினைவில் வந்துவிட்டாய் மச்சான், பலாபத்வல நெசவு நிலையத்து வாசலில் குறிப்புப் புத்தகத்தோடு.

பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தவர்கள் நாம். அறுபதுகளில் நீ பல்கலைக்கழகத்தில் சரித்திரம் படிப்பித்தாய். நான் அந்த நிலையத்துக்குப் பொறுப்பாளன். மாத்தளை நெசவைப் பற்றி நீ எழுதிய நூலை எல்லோரும் மெச்சினார்கள். எனக்கு மட்டும் ஒரு வரி உறுத்தியது. தேயிலைத் தோட்டத்து மக்களுக்கு நெசவுப் பழக்கம் இருந்ததே இல்லை என்று எழுதியிருந்தாய்.

அதனால்தான் உன்னை ராக்கம்மாவின் தறியருகே கூட்டிப்போனேன். தோட்டத்திலிருந்து நிலையத்துக்கு வேலைக்கு வந்தவள் அவள். அறுந்த பாவு நூலை அவள் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிச்சுப் போட்டதைப் பார்த்து, யார் பழக்கியது என்று கேட்டாய்.

"எங்கப்பாங்க. நாங்க குடியிருந்த லயத்துக் காம்பராவுலயே குழி வெட்டித் தறி போட்டிருந்தாரு. தோட்டத்துத் தொரை வந்து மூடச் சொல்லிட்டாரு."

உன் முகம் சுருங்கிப்போனது. "நான் பொய் எழுதல்ல மச்சான். போய்ப் பாக்காம எழுதிட்டேன்."

அதன்பிறகு விடுமுறை நாளெல்லாம் தோட்டத்துக் குடியிருப்புகளில் லயம் லயமாக ஏறி இறங்கினாய். மண் போட்டு மூடிய இன்னும் சில குழிகளை மக்கள் உனக்குக் காட்டினார்கள்.

அடுத்த வருடம் அரசாங்க அலுவலகமான கச்சேரியில் கூட்டம் நடந்தது. புதுத் தறிகளை எங்கெங்கே கொடுப்பது என்று பேச்சு. தோட்டத்துப் பெண்களுக்கும் வேண்டுமென்றேன். அதிகாரி உன் நூலையே விரித்து, அந்த வரியை வாசித்துக் காட்டி, முடியாது என்றார்.

நீ எழுந்தாய். "அந்த வரி பிழை. எழுதினது நான்தான்." முதலில் சிங்களத்திலும், பிறகு பின்வரிசையில் இருந்த ராக்கம்மாவைப் பார்த்துத் தமிழிலும் சொன்னாய். அதிகாரி நூலை மூடி வைத்தார். எனக்கோ நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

தோட்டத்துக்கு ஆறு தறிகள் கிடைத்தன. பழக்கிக் கொடுக்க ராக்கம்மாவே போனாள். சொந்த நூலையே பிழையென்றவன் என்று, உனக்கு வரவிருந்த பேராசிரியர் பதவிதான் இன்னொருவருக்குப் போனது. வருத்தமா என்று கேட்டேன்.

"தறி ஓடுதா இல்லையா, அதச் சொல்லு."

ஓடியது மச்சான், நன்றாகவே ஓடியது.

இப்போதெல்லாம் பள்ளிவாசல் கூட்டமோ வீடோ, நான் சொன்னது தவறென்று தெரிந்தால் எழுந்து சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு தடவையும் கால் நடுங்குகிறது. அன்று உனக்கும் நடுங்கியிருக்கும். உன் குரலில் அது கேட்கவே இல்லை.