எண்ணெய் ஏறாத புல்லட்

திருச்சி, பாலக்கரை
7.4.2024

அன்புள்ள ஆசீர் அண்ணனுக்கு,

அப்பா, அம்மா, நான் மூவரும் நலம். உன் நவதுறவு மடத்தில் போன் கூடாது என்பதால் என் கோழிக்கிறுக்கலைப் பொறுத்துக்கொள். கைக்குழந்தையிலேயே உன்னை ஆண்டவருக்கு நேர்ந்துவிட்டவள் அம்மா. மே 24 நீ துறவியாக வாக்குக் கொடுக்கும் முதல் வார்த்தைப்பாட்டுக்கு இப்போதே நாற்பது பேரை அழைத்துவிட்டாள். எல்லாரும் வேனில் வரட்டும். நான் உன் பழைய புல்லட்டில்தான் திண்டுக்கல் வருவேன்.

ஆனால் வண்டி சதி செய்கிறது. நீ போகும் முன் பிரித்து மாட்டியதிலிருந்து சும்மாவே நின்றது. போன வாரம் ஆயில் பிரஷர் மீட்டர் வாங்கி மாட்டினேன். ஸ்டார்ட் செய்தால் முள் அசையவே மாட்டேன் என்கிறது. மெக்கானிக் ஜமீல் பாய், "இப்படியே ஓட்டினீங்கன்னா இன்ஜின் சீஸ் ஆகி இறுகிப்போயிடும்மா" என்கிறார். அப்பாவோ, "அவன்தான் சாமியாரா போறானே, இது எதுக்கு? இரும்புக் கடைக்கு அனுப்பிடு" என்கிறார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. சீக்கிரம் வழி சொல்.

உன் தங்கை,
ஜென்சி


திண்டுக்கல்
12.4.2024

செல்ல ஜென்சிக்கு,

கடிதத்தை நான்கு முறை படித்தேன். பூசையில்கூட அந்த முள்தான் கண்ணுக்குள் நின்றது. சாவியை அப்பா கண்ணில் படாமல் வை.

முதலில் மீட்டரை நம்பாதே. இன்ஜின் தலையில் இருக்கிற ராக்கருக்கு ஆயில் போகிற சின்னக் குழாயின் போல்ட்டை லேசாகத் தளர்த்திவிட்டு ஸ்டார்ட் செய். ஆயில் பொங்கி வந்தால் மீட்டர் சொல்வது பொய். சொட்டினால் பிரஷர் நிஜமாகவே இல்லை, உடனே நிறுத்திவிடு. அப்புறம் ஃபில்டரைப் பார். அதுவும் சுத்தமாக இருந்தால் இன்ஜின் பக்கவாட்டு டைமிங் கவரைக் கழற்றி ஆயில் பம்ப்பைப் பார்க்க வேண்டியதுதான். ஆயில் என்ன நிறம், எங்கே நின்றது, ஒன்று விடாமல் எழுது.

எங்கள் கடிதங்களைப் படித்து அனுப்பும் மாஸ்டர் ஃபாதர், "ஏம்ப்பா, தங்கச்சிக்கு எழுதுற லெட்டர்ல ஆண்டவர் எங்கயுமே காணோமே" என்று சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

அண்ணன்,
ஆசீர்


பாலக்கரை
21.4.2024

அண்ணா,

கண்டுபிடித்துவிட்டேன். அவசரத்தில் எழுத்து இன்னும் கோணலாக இருக்கும்.

ராக்கர் குழாயில் ஆயில் சொட்டத்தான் செய்தது. ஃபில்டர் சுத்தம். பம்ப்பில் ஒரு கீறல் இல்லை. ஜமீல் பாய் கவரை என்னிடம் கொடுத்துத் துடைக்கச் சொன்னார். துடைக்கும்போது அதன் விளிம்பில் ஒட்டியிருந்த அட்டைக் கேஸ்கட்டில் ஏதோ தங்க எழுத்து மின்னியது. உற்றுப் பார்த்தால், "மணமகன்: டோமினிக்". திருட்டு அண்ணனே, நம் பெரியம்மா மகள் முசிறி லின்சி அக்காவின் கல்யாணப் பத்திரிகையையா வெட்டி வைத்தாய்? வெட்டியது சரி, ஆயில் போகும் ஓட்டையை முழுசாகப் போட வேண்டாமா? மாப்பிள்ளை பாதி ஓட்டையை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். "அட்டையில வெட்டுறது எல்லாரும் செய்றதுதாம்மா, ஓட்டைய மறந்தவர இப்பத்தான் பாக்குறேன்" என்று பாய் வயிறு குலுங்கச் சிரித்தார்.

புது கேஸ்கட் போட்டதும் முள் துள்ளி எழுந்தது. காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கம் ராஜகோபுரம் வரை ஓட்டிப் போய் வந்தேன். இன்ஜின் சூடேறியும் முள் இறங்கவில்லை. அப்பா வாசலில் நின்று சத்தத்தைக் கேட்டார். இரும்புக் கடைப் பேச்சு அதோடு போயிற்று.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. இந்த ஒரு வருடக் கடிதங்களை எல்லாம் எடுத்துப் படித்தேன். போன கடிதத்தில் மட்டும்தான் நீ என் அண்ணன் மாதிரி பேசியிருக்கிறாய். மற்றவை யாரோ சொல்லச் சொல்ல எழுதியவை. அங்கே நீ சந்தோஷமாக இருக்கிறாயா? அம்மா ஊரையே அழைத்துவிட்டாளே என்று பயந்து எனக்குப் பதில் சொல்லாதே.

ஜென்சி


திண்டுக்கல்
29.4.2024

ஜென்சி,

பத்திரிகையை வெட்டியது நான்தான். மடத்துக்குக் கிளம்புவதற்குள் மாட்டிவிட வேண்டும் என்ற அவசரம். லின்சியிடம் சொல்லித் தொலைக்காதே.

உன் கேள்விக்குப் பதில், இல்லை. இங்கே எல்லாரும் நல்லவர்கள். நேர்ந்துகொண்டது அம்மா, எனக்கு ஆண்டவரின் அழைப்பு வரவே இல்லை. நேற்று மாஸ்டரிடம் சொல்லிவிட்டேன். "இப்பவாவது சொன்னியே" என்று தோளைத் தட்டினார். மனசு லேசாகி, மதியம் மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

சனிக்கிழமை புல்லட்டில் வந்து என்னை வீட்டுக்கே அழைத்துப் போ. ஹெல்மெட் இரண்டு எடுத்துக்கொள். அம்மாவிடம் நீ வாயைத் திறக்காதே, நான்தான் சொல்ல வேண்டும். வையம்பட்டி வரை நீ ஓட்டு. பின்னால் உட்கார்ந்து எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொள்கிறேன். அங்கே ஒரு டீ குடித்ததும் வண்டியை என்னிடம் கொடுத்துவிடு.

ஆசீர்