வசனத்தின் தொடக்கம்

கனடாவில் இருக்கும் கணவருக்கு,

அன்புள்ள என்று தொடங்க எனக்கு ஏலாது.

என் பழைய பொலிஸ் முறைப்பாடு நீங்கள் விசாவைப் புதுப்பிப்பதை மறிக்கிறதாம். "விசாக் கந்தோருக்குக் குடுக்கிற கடிதத்தை நான் இங்கிலிசில எழுதி அனுப்புறன், பார்த்தெழுதிக் கையெழுத்தை வை. உனக்கு விளங்காது" என்றீர்கள்.

விளங்கியது. துறைமுகத்தடியில் மெலனி ரீச்சரிடம் ஒரு வருடமாக இங்கிலிஷ் படிக்கிறேன். கடந்த நாட்களைச் சொல்லும் வசனத்தை எப்படித் தொடங்குவது என்பதுதான் போன கிழமைப் பாடம்.

நீங்கள் 'வன் டே' என்று தொடங்கியிருந்தீர்கள். ஒருநாள் கோபத்தில் என்னை அடித்துவிட்டீர்களாம். சல்லிக் கிராமத்து வீட்டில் என் அழுகை வெளியே கேட்காமலிருக்க ரிவிப் பெட்டியின் சத்தத்தைக் கூட்டிவைத்த மற்ற நாட்களெல்லாம் எங்கே?

அதை வெட்டிவிட்டு 'எவ்ரி டே' என்று போட்டேன். மற்றதெல்லாம் நீங்கள் எழுதியதுதான். இன்று காலை விசாக் கந்தோருக்கு அனுப்பிவிட்டேன்.

ஒரு காலத்தில்
உங்கள் மனைவி