ஒரு மேசைக்கு இரண்டு இடப்பக்கம்

அனுப்புநர்:
கருவிப் பரிசோதகர் (திங்கள், செவ்வாய் இருக்கை),
பழுதுப் பிரிவு, மூன்றாம் தளம்.

பெறுநர்:
பணியாளர் நிர்வாக அலுவலர் அவர்கள்,
தலைமை அலுவலகம்.

பொருள்: அடுத்த மாதம் முதல் வாரத்தில் ஐந்து நாளும் அலுவலகம் வர வேண்டும் என்ற ஆணையைத் திரும்பப் பெறவும், ஒரே மேசையைப் பகிர்வோர் வாரம் ஒருமுறை நேரில் சந்திக்க அனுமதிக்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: நேற்றுக் காலை மின்னஞ்சலில் வந்த தங்கள் ஆணை.

மதிப்பிற்குரிய ஐயா,

1. காது கேட்கும் கருவிகளில் பழுதாகித் திரும்பி வருபவற்றைச் சோதித்துச் சரிசெய்வது என் வேலை. திங்களும் செவ்வாயும் அலுவலகத்தில் கருவிகளைப் பார்க்கிறேன். மற்ற மூன்று நாள் வீட்டிலிருந்து, கருவி போய்ச் சேர்ந்தவர்களைத் தொலைபேசியில் அழைத்துப் பேசுகிறேன். அந்த மூன்று நாளைத்தான் தங்கள் ஆணை எடுத்துக்கொள்கிறது. அதனால் என் ஆறு வயது மகளுக்கு நேரக்கூடியதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் தவறைச் சொல்லிவிடுவதுதான் முறை.

2. ஆறு வாரத்தில் இருபத்து மூன்று கருவிகள் பழுது பார்க்கப்படாமலேயே, ‘சரிபார்க்கப்பட்டது’ என்ற சீட்டோடு உரியவர்களுக்குத் திரும்பிப் போயிருக்கின்றன. உண்மை, மறுக்கவில்லை. ஒரு பெரியவர் எழுதியிருந்தார்: “கருவி வந்து சேர்ந்தது. மிக்க நன்றி. மருமகள் வாயசைப்பது தெளிவாகத் தெரிகிறது.” அதைப் படித்துச் சிரித்தேன், பிறகு வெட்கமாக இருந்தது. வீட்டிலிருப்பவர்களுக்குக் கவனம் சிதறுகிறது என்பது தங்கள் விசாரணையின் முடிவு. அது அப்படி இல்லை, ஐயா.

3. என் மேசையில் புதன், வியாழன் இன்னொரு பரிசோதகர் அமர்கிறார். பத்து மாதமாக நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. ஆனாலும் அவரை எனக்குத் தெரியும் என்றே நினைத்திருந்தேன். திங்கள் காலை நாற்காலி எனக்கு எட்டாத உயரத்தில் இருக்கும்; ஆள் நெட்டை. பென்சில் முனைகள் ஊசியாகச் சீவியிருக்கும்; பொறுமைசாலி. சோதனை அறையின் கனத்த கதவைச் சாத்தினால் வெளியுலகம் அப்படியே கரைந்துவிடும். அந்த அமைதியில் கருவியைக் காதில் வைத்துக்கொண்டு, இதே நாற்காலியில் அமரும் அந்த முகம் எப்படியிருக்கும் என்று யோசித்தபடி எத்தனையோ மதியங்கள் போயிருக்கின்றன. இது மனுவில் எழுதக்கூடியதல்ல என்று தெரியும். எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

4. விஷயத்துக்கு வருகிறேன். மேசையின் இரு முனைகளிலும் ஒரே மாதிரி நீலத் தட்டுகள். இடப்பக்கத் தட்டில் பார்க்க வேண்டியவை, வலப்பக்கத் தட்டில் பார்த்து முடித்தவை என்று ஆறு வாரம் முன்பு வந்த சுற்றறிக்கை சொல்கிறது. இருவரும் அதை அட்சரம் பிசகாமல் பின்பற்றினோம். “இடது தட்டைப் பாத்தீங்களா?” என்று செய்தி அனுப்புவேன். “பாத்துட்டேங்க, எல்லாமே நல்லா வேலை செய்யுது. நீங்க ரொம்பக் கெட்டிக்காரங்க” என்று பதில் வரும். இப்படி அறுபத்தெட்டுச் செய்திகள். எனக்குப் பெருமை வேறு.

5. நேற்று ஆணையைப் பார்த்ததும் மனம் கேட்கவில்லை. இன்று வியாழன், எனக்கு அலுவலக நாள் இல்லை. மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு நேராக மூன்றாம் தளத்துக்கு வந்தேன். சன்னலோரம் எங்கள் மேசை. அங்கே நெட்டையான ஒருவர் அமர்ந்திருந்தார், நான் அமர்வதற்கு எதிர்ப்பக்கத்தில். நான் கதவைப் பார்த்து அமர்கிறவள். யார் வருகிறார்கள் என்று தெரிய வேண்டும். அவர் சன்னலைப் பார்த்து அமர்கிறவர். கைமேல் வெளிச்சம் விழ வேண்டும். என் இடப்பக்கம் அவருடைய வலப்பக்கம். நான் செவ்வாயன்று மிச்சம் வைத்ததெல்லாம் அவருக்கு ‘முடித்தவை’. வியாழன் மாலை பொட்டலம் கட்டி அனுப்புகிறவர் வந்து அதைத்தான் அள்ளிக்கொண்டு போகிறார். நான் முடித்தவற்றை இவர் மறுபடி சோதித்து என்னைப் பாராட்டிக்கொண்டிருந்திருக்கிறார். எனக்கு இது தெரியாதபடி நாற்காலியை வாராவாரம் கதவுப் பக்கமே ஒழுங்காகத் திருப்பி வைத்தது, கூட்டிப் பெருக்கும் அக்கா. அவர்மேல் குற்றமில்லை.

6. “அட, நீங்க அந்தப் பக்கமா உக்காருவீங்க?” என்றார் அவர். அவ்வளவுதான், ஐயா. அறுபத்தெட்டுச் செய்திகளில் அவிழாத முடிச்சு ஒரு நிமிடத்தில் அவிழ்ந்தது. தட்டுகளில் அப்போதே எழுதி ஒட்டிவிட்டோம். வீட்டிலிருந்ததால் வந்த தவறில்லை இது. நாங்கள் ஒருமுறைகூடச் சந்திக்காததால் வந்தது. வெள்ளிக்கிழமைகளில் மேசை காலியாகத்தான் கிடக்கிறது. அன்று காலை இரண்டு மணி நேரம் இருவரும் வந்து வேலையைக் கைமாற்றிக்கொள்ள அனுமதி தாருங்கள். மேசையைப் பகிரும் மற்றவர்களுக்கும் இதையே கேட்கிறேன். எந்தெந்த மேசையில் என்னென்ன நடக்கிறதோ, யாருக்குத் தெரியும்.

7. இனி என் மகள். பள்ளியில் சேர்ந்த நாளிலிருந்து அவள் பேசுவதை நிறுத்திவிட்டாள். நாக்கிலும் காதிலும் குறையில்லை என்கிறார் மருத்துவர். தானாக வரும், அவசரப்படுத்தாதீர்கள் என்கிறார். நான் வீட்டிலிருக்கும் நாட்களில் பள்ளி விட்டு வந்ததும் என் மேசைக்கு அடியில் போய் அமர்ந்துகொள்வாள். திரைச்சீலை வழியே வெயில் மஞ்சளாக இறங்கும், நான் யார் யாருக்கோ “இப்போ கேக்குதுங்களா?” என்று கேட்டுக்கொண்டிருப்பேன். நான்கு மாதம் முன்பு ஒரு பிற்பகல், கீழிருந்து மெல்ல ஒரு குரல்: “கேக்குதுங்களா?” தொலைபேசியின் மறுமுனையில் இருந்த அம்மா சொன்னார்: “நல்லாக் கேக்குதும்மா. ஏதோ பாப்பா பேசுதே.” அவருக்குக் கருவி சரிசெய்து கொடுத்தது நாங்கள்.

8. அன்றிலிருந்து நான் சொல்வதையெல்லாம் அவள் திருப்பிச் சொல்கிறாள், அந்த மூன்று நாளில், அந்த மேசைக்கு அடியில் மட்டும். திங்கள், செவ்வாய் நாத்தனார் வீட்டில் இருப்பாள். அங்கே ஒரு சொல் கிடையாது.

9. நேற்றுப் பிற்பகல் தங்கள் ஆணையை மறுபடி எடுத்து வாய்விட்டே படித்துக்கொண்டிருந்தேன். ஐந்து நாள் என்ற இடம் வந்ததும் கீழேயிருந்து கேள்வி வந்தது: “அப்போ நான் யார்கூடப் பேசுறது?” நான் சொல்லிக் கொடுத்ததல்ல, ஐயா. அவளே சொல் சேர்த்துக் கேட்ட முதல் கேள்வி. அதற்குப் பதில் தங்கள் கையெழுத்தில் இருப்பதால் இதை எழுதுகிறேன். கருணை கூர்ந்து விரைவில் சொல்லுங்கள், அவள் காத்துக்கொண்டிருக்கிறாள்.

இடம்: மூன்றாம் தளம், சன்னலோர மேசை
நாள்: வியாழக்கிழமை

பணிவுடன்,
(ஒப்பம்) பரிசோதகர், கதவைப் பார்த்த பக்கம்

தவறில் சரிபாதி என்னுடையது.
(ஒப்பம்) பரிசோதகர், சன்னலைப் பார்த்த பக்கம்