சீட்டுக்கு அடியில் என் பானை

அன்புள்ள அன்செல்மோவுக்கு, இடஹோவிலிருந்து ஹெர்லிந்தா எழுதுவது. நான் சுகம். உங்கள் முழங்கால் வலி தேவலையா?

பேத்தி மரிசேலா நர்ஸ் பரீட்சையில் தேறிவிட்டாளாம். சின்னவன் நெல்சோ ஓட்டப்பந்தயத்தில் முதலாவதாம். பெரிய பேரன் ரூபேன் வண்டிக் கண்காட்சியில் கோப்பையே வாங்கிவிட்டான். இந்த உருளைக்கிழங்கு ஷெட் முழுக்கச் சொல்லிவிட்டேன்.

கோப்பை விஷயம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? இங்கே என்னோடு ஷெட்டில் வேலை செய்கிற டெல்ஃபினா போனில் வீடியோ காட்டினாள். நம் பிக்கப் வண்டி, பின்சீட்டுக்கு அடியில் அதிர அதிரப் பாடும் இரண்டு சப்வூஃபர் பெட்டி. ஒரு ஒயர்கூட வெளியே தெரியவில்லை. ரூபேன் கைவேலை சுத்தம். முன்சீட்டில் நீங்கள். அதிர்வில் தொப்பி குதிக்கிறது, நீங்கள் சிரிக்கிறீர்கள்.

"இஞ்சின் போச்சுன்னாரே உன் வீட்டுக்காரரு? வண்டி நல்லாத்தான் ஆடுது, அக்கா" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

பதினாறு வருஷம் அந்தச் சீட்டுக்கு அடியில் கம்பளியும், சோளமாவுத் தமாலே அவிக்கிற பானையும் வைத்துக்கொண்டு இரண்டு பேருமாகத்தான் வடக்கே வேலைக்கு வந்தோம். இந்த வருஷம் இஞ்சின் தாங்காது என்று என்னை டெல்ஃபினாவின் வேனில் ஏற்றிவிட்டீர்கள். பேரனுக்காக என்று சொல்லியிருந்தால் பானையை நானே எடுத்துக் கொடுத்திருப்பேனே. என்னிடம் பொய் எதற்கு?

என் பச்சைக் கம்பளியை அனுப்புங்கள். வழக்கமான அறைதான், உங்கள் கட்டிலை வேறு யாரும் எடுக்காதபடி அதன்மேல் என் குளிர்கோட்டு கிடக்கிறது.

வேலை மணி அடித்துவிட்டது. சீசன் முடிந்ததும் அந்த வண்டியிலேயே வந்து கூட்டிப்போவதாக நீங்கள் வாயால் சொன்னால் மட்டும் நான் நம்பமாட்டேன். பானையைப் பழைய இடத்தில் வைத்து, சீட்டைத் தூக்கி, புதுப் போட்டோ ஒன்று எடுத்துத் தபாலில் போடுங்கள்.