செவலையின் துள்ளல்

ஐதராபாத்
மார்கழி 20

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். அம்மாவின் முட்டிவலி தேவலையா? போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவீர்கள், அதனால் எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன்.

"தொட்டாலே துள்ளுது, தமிழு! இந்தப் பொங்கலுக்கு அலங்காநல்லூர்ல நம்ம செவலைய எவனும் பிடிக்க முடியாது" என்று நேற்று சொன்னீர்கள். காளையின் கழுத்துச் சதை துடிப்பதைக்கூடப் பெருமையாகத்தான் சொன்னீர்கள். அதிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

இங்கே ஆய்வுக்கூடத்தில் என் எலிகளும் அப்படித்தான் துள்ளுகின்றன. ஒன்று கையுறையைக் கடித்துவிட்டது, காயமில்லை. உண்ணிக்கென்று போன மாதம் நீங்கள் காளைக்குத் தேய்த்தீர்களே பழைய டப்பா பூச்சிமருந்து, அந்த வகையைத்தான் இவற்றுக்குக் கொடுக்கிறோம். அது கொழுப்பில் போய்த் தங்கும். போட்டிக்கென்று காளைக்கு நடையும் நீச்சலும் கொடுத்து உடம்பை இளைக்க வைத்தால், கொழுப்பு கரைந்து மருந்து ரத்தத்தில் ஏறி நரம்பைப் பிடிக்கும். அந்தத் துள்ளல் வீரம் இல்லை அப்பா.

இன்றே மாட்டு டாக்டரிடம் டப்பாவைக் காட்டுங்கள். வாடிவாசலுக்குக் கொண்டுபோக வேண்டாம்.

பஸ் வந்துவிட்டது. ஒன்று மட்டும். மருந்தை வெறுங்கையால்தானே தேய்த்தீர்கள்? காபி குடிக்கும்போது ஒரு வீடியோ எடுத்து அனுப்புங்கள். முகமும் தெரியட்டும், பார்த்து ஐந்து மாதமாகிறது. டம்ளர் விளிம்பு வரை காபி இருக்கட்டும், தூக்கும்போது சிந்துகிறதா என்று நான் பார்க்க வேண்டும்.

தமிழ்ச்செல்வி