கரையில் கிடந்தவர்கள்

டிசம்பர் 3, புதன்

காலையிலிருந்து தூறல். பட்டறையில் அச்சிலிருந்து எடுத்த களிமண் பிள்ளையார் பொம்மைகள் காயவே இல்லை. ஈரத்தில் ஓரம் தேய்த்தால் காது கையோடு வருகிறது. மேஸ்திரியிடம் திட்டு.

எதிரில் பூங்கொடி இடம் காலி. அவள் வீட்டுக்காரர் முருகையன் போன மாசம் பெண்ணாடம் ரோட்டில் கரும்பு டிராக்டர் கவிழ்ந்து செத்தார். என் மகள் எஸ்தரை வண்டியால் இடித்துவிட்டு நிற்காமல் போன அதே ஆள். ஊருக்கே தெரியும், கேஸ் மட்டும் நிற்கவில்லை. எஸ்தர் அடிபட்டதிலிருந்து ரெண்டு வருஷமாக நானும் பூங்கொடியும் ஒரே மேசை, பேச்சு கிடையாது. அவர் செத்த செய்தி கேட்டதும் சந்தோஷமாகத்தான் இருந்தது. இங்கே பொய் எழுதி என்ன.

சாயந்திரம் சபைப் பெண்கள் ஐக்கியத்து ஸ்டெல்லா அக்கா. குடையை மடக்காமலே பேச்சு. "கிரேஸு, ஞாயித்துக்கெழம நீ சாட்சி சொல்லணும். செங்கடல் அதிகாரத்த வாசிச்சிட்டு, கர்த்தர் ஒனக்கு நியாயம் செஞ்சத அப்படியே சொல்லு."

சரி என்றுவிட்டேன்.

டிசம்பர் 4, வியாழன்

மழை விட்டது. வாங்க: தே. எண்ணெய், சோப்பு, எஸ்தர் முட்டிக்குத் தைலம்.

யாத்திராகமம் 14. எகிப்தில் அடிமையாயிருந்த இஸ்ரவேலருக்குக் கடல் பிளந்து வழி விட்டது, துரத்தி வந்த எகிப்தியரை மூடியது. ஞாயிறு பள்ளியில் ரதமெல்லாம் முங்குகிற இடத்தில் கை தட்டுவோம். தண்ணீர் ஒன்றுதான்; இவர்களுக்கு வழி, அவர்களுக்குச் சாவு. தப்பித்தவர்களும் ஒன்றும் விசுவாச வீரர்கள் இல்லை. பயந்து, கூட்டி வந்த மோசேயைத் திட்டினவர்கள்தான்.

கடைசியில் ஒரு வரி. கடற்கரையில் செத்துக் கிடந்த எகிப்தியரை இஸ்ரவேலர் பார்த்தார்களாம். இதை எப்படி இத்தனை நாள் தாண்டிப் போனேன்? தலைமுறை தலைமுறையாக அந்த ஊரில் வேலை செய்த ஜனம். முகம் தெரிந்திருக்குமே. இவன் நம்மை அடித்தவன், இவன் இன்னார் மகன் என்று.

அடுத்த அதிகாரம் பாட்டும் நடனமும். பாடினது தப்பென்று சொல்ல மாட்டேன். அடிபட்டவர்கள் பாடாமல் யார் பாடுவது.

ஆனால் இது தன் செயல் என்று மோசேக்குக் கர்த்தர் முன்னாலேயே சொன்னார். முருகையன் சாவு கர்த்தர் செயல் என்று எனக்கு ஸ்டெல்லா அக்காதான் சொன்னார்.

டிசம்பர் 6, சனி

எஸ்தர் கேட்டாள்: "அந்த ஆளு செத்ததையும் சொல்லப்போறியா?"

"ஏன், சொல்லக் கூடாதா?"

"எனக்குத் தெரியலம்மா."

காலை இழுத்துக்கொண்டே போய்க் கொடியில் கிடந்த துணியை எடுத்து வந்தாள். பார்த்ததும் பழைய கோபம் அப்படியே திரும்ப வந்தது. சொல்லிவிடுவதென்று தீர்மானம்.

டிசம்பர் 7, ஞாயிறு

நல்ல வெயில். சபையில் எழுந்து வாசித்தேன். கரையில் கிடந்தவர்கள் வரி வந்ததும் வேதத்தை மூடிவிட்டேன். "எம்பொண்ணு பொழைச்சா. இன்னிக்கு நடக்குறா. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்." உட்கார்ந்துவிட்டேன்.

பின்னாலிருந்து ஸ்டெல்லா அக்கா, "மிச்சத்தையும் சொல்லும்மா."

"அவ்ளோதாங்க்கா."

டீ கொடுக்கும்போது அக்கா என் பக்கம் திரும்பவில்லை.

டிசம்பர் 9, செவ்வாய்

மேகமூட்டம். கருமாதியெல்லாம் முடிந்து பூங்கொடி வேலைக்கு வந்துவிட்டாள். நெற்றி வெறுமை. ஆளுக்கொரு பொம்மை எடுத்து ஈர ஸ்பாஞ்சால் ஓரம் தேய்த்தோம்.

பிறகு அவளே: "ஒங்க கோயில்ல எங்க வூட்டுக்காரரப் பத்திப் பேசப்போறீங்கன்னு சொன்னாங்க."

"பேசல."

ஸ்பாஞ்சைப் பிழிந்தாள். "பேசியிருந்தாலும் தப்பில்லீங்க. அவரே அதத்தான் சொல்லிக்கிட்டிருந்தாரு. அந்தப் பொண்ண இடிச்சிட்டு ஓடியாந்தேன், சாமி என்ன வுடாதுன்னு. ரெண்டு வருஷமா அந்த மனுஷன் ஒரு நாளு நிம்மதியா தூங்கல."

அதே ரெண்டு வருஷம்தான், அந்த ஆளை ஏன் தண்டிக்கவில்லை என்று கர்த்தரிடம் நான் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.